பழைய கோப்பைப் பார்வைக்குத் தராமல் நிறுத்தி வைப்பது எப்படி: பதிவறையில் பணிபுரிவோருக்கு

பதிவறைக்கு மாறுதலாகி வரும் உதவியாளர் யாராக இருந்தாலும், வந்த முதல் வாரத்திலேயே ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவார்: “சார், இந்தக் கட்டைப் பார்க்கணும்னு ஒருத்தர் மனு கொடுத்திருக்கார், காட்டலாமா, வேண்டாமா?” மதுரை மாவட்டத்து வட்டாட்சியர் அலுவலகங்களில் பணிக்காலத்தின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்ற எனக்கு, அந்தக் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் சொல்ல இன்றும் வராது. காட்டுவதற்குப் பெரிய முறை எதுவும் வேண்டியதில்லை. மேசையைத் துடைத்துக் கட்டைப் பிரித்து வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும். காட்டாமல் நிறுத்துவதற்குத்தான் முறை வேண்டும். எந்தத் தாள், எந்தச் சட்டப் பிரிவு, யார் எடுத்த முடிவு, எந்த நாள் வரைக்கும் என்ற நான்கும் எழுத்தில் இல்லாமல் ஒரு கோப்பை அலமாரியில் பூட்டினால், கேட்பவர் அதை ஒளித்து வைத்தது என்றுதான் சொல்வார்; அவர் சொல்வதில் தவறும் இல்லை.

முதலில் உங்கள் அலுவலகம் எந்தச் சட்டத்துக்குள் வருகிறது என்று பாருங்கள். பொது ஆவணங்கள் சட்டம், 1993 என்பது மத்திய அரசு அலுவலகங்களுக்கும் யூனியன் பிரதேசங்களுக்கும் மத்திய பொதுத்துறை நிறுவனங்களுக்கும் உரியது. எனவே மதுரையில் ரயில்வே கோட்ட அலுவலகத்துக்கும் அஞ்சல் துறைக்கும் அது பொருந்தும், வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பொருந்தாது. அந்தச் சட்டப்படி மந்தணக் குறியீடு (இரகசியம் என்ற முத்திரை) உள்ள ஆவணத்தைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பக் கூடாது; குறியீடு இல்லாத, முப்பது ஆண்டு கடந்த ஆவணம் அங்கே போனபின் ஆய்வாளர்களுக்குத் திறக்கப்படும். மந்தணக் குறியீட்டை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று 1997-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. மாநில அலுவலகம், மத்திய அலுவலகம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக இருப்பது தகவல் பெறும் உரிமைச் சட்டம், 2005. நடைமுறையில் பதிவறைக்காரர் கையில் வைத்துக்கொள்ள வேண்டியது இந்தச் சட்டத்தின் 8, 10, 11 ஆகிய மூன்று பிரிவுகளையும் 7-ஆம் பிரிவின் கடைசி இரண்டு உட்பிரிவுகளையும்தான். 1923-ஆம் ஆண்டு அலுவல் இரகசியச் சட்டத்தைக் காட்டி மறுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. மறைப்பதால் காக்கப்படும் நலனைவிட வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிதானால், அந்தச் சட்டம் இருந்தாலும் தகவலைத் தரலாம் என்று 8(2) தெளிவாகச் சொல்லியிருக்கிறது. முரண்பாடு வருமிடத்தில் 2005-ஆம் ஆண்டுச் சட்டமே மேலோங்கும் என்று 22-ஆம் பிரிவும் சொல்கிறது.

கேட்கப்பட்ட கோப்பு உங்களிடம் இல்லை, எழும்பூரில் 1909-இலிருந்து இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு எப்போதோ போய்விட்டது என்று தெரிந்தால், மறுப்புக் கடிதம் எழுத உங்களுக்கு வேலையே இல்லை. தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் 6(3)-இன் கீழ் ஐந்து நாட்களுக்குள் விண்ணப்பத்தை அங்கே மாற்றி அனுப்பிவிட்டு, மனுதாரருக்கு ஒரு நகல் அனுப்பினால் முடிந்தது.

இருபது ஆண்டுக் கணக்கு

பழைய ஆவணத்தில் எல்லாம் தொங்கிக்கொண்டிருப்பது 8(3)-இல்தான். விலக்குகள் என்று 8(1)-இல் பத்து உட்பிரிவுகள் உண்டு. ஆங்கில எழுத்து வரிசையில் ஏ முதல் ஜே வரை செல்லும் அந்தப் பத்தில், இருபது ஆண்டு கடந்த நிகழ்ச்சியைப் பற்றிய தகவலுக்கு ஏ, சி, ஐ என்ற மூன்று மட்டுமே எஞ்சி நிற்கும். ஏ என்பது நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, குற்றத்தைத் தூண்டுதல் ஆகியவை. சி என்பது நாடாளுமன்ற, சட்டமன்ற உரிமை மீறல். ஐ என்பது அமைச்சரவைத் தாள்கள். பின்னிரண்டும் வட்ட அளவில் வந்து நான் பார்த்ததில்லை. வணிக இரகசியம், நம்பிக்கையின் பேரில் தரப்பட்ட தகவல், விசாரணைக்கு இடையூறு, தனிநபர் விவரம் என்று நாம் வழக்கமாக எடுத்து எழுதும் காரணங்கள் எல்லாம் இருபதாவது ஆண்டில் காலாவதியாகிவிடுகின்றன. இதைத் தெரியாமல் 1978-ஆம் ஆண்டுக் கர்ணம் (கிராமக் கணக்கர்) ஒருவரின் பணிப்பதிவைத் “தனிநபர் விவரம்” என்று மறுத்து, மேல்முறையீட்டில் தலைகுனிந்த அலுவலகங்கள் உண்டு. கர்ணம், முன்சீப் பதவிகளே 1980 நவம்பர் 14-இல் ஒழிக்கப்பட்டுவிட்டன என்பதை நினைத்துப் பார்த்தாலே அந்தக் கோப்பின் வயது விளங்கியிருக்கும்.

இருபது ஆண்டை எங்கிருந்து எங்கே எண்ணுவது என்பதில்தான் தவறு மிகுதியாக நடக்கிறது. கோப்பு முடிக்கப்பட்ட நாளைப் பார்க்கக் கூடாது. நிகழ்ச்சி நடந்த நாளிலிருந்து விண்ணப்பம் கொடுத்த நாள் வரை எண்ண வேண்டும். ஒரு கண்மாய் ஆக்கிரமிப்புக் கோப்பை எடுத்துக்கொள்வோம். 1999-இல் ஊர்க்காரர்கள் மனு, 2001-இல் நில அளவை, 2004-இல் விசாரணை, அதில் ஆஜராக அவகாசம் கேட்டு எதிர்மனுதாரர் வைத்த மருத்துவச் சான்று, 2008-இல் மறுவிசாரணை, அதிலும் ஒரு மருத்துவச் சான்று, 2009-இல் உத்தரவு. கோப்பின் மேலட்டையில் 2009 என்றுதான் இருக்கும். 2025 பிப்ரவரி 10-இல் ஒருவர் இதைப் பார்க்கக் கேட்கிறார் என்றால், எல்லைக்கோடு 2005 பிப்ரவரி 10. அதற்கு முன்பு நடந்த மனு, அளவை, முதல் விசாரணை ஆகிய எல்லாம் திறந்தவை. 2004-ஆம் ஆண்டு மருத்துவச் சான்றும் சட்டத்தின் சொற்படி திறந்ததே. 2008-ஆம் ஆண்டுச் சான்றை மட்டும் தனிநபர் விவரம் பற்றிய ஜே உட்பிரிவின் கீழ் நிறுத்தலாம். ஒரே மனிதரின் ஒரே நோய், ஒரே கோப்பில், ஒன்று திறந்தும் மற்றொன்று மூடியும் இருப்பது விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது, நாம் அதை வளைக்க முடியாது. பசலி ஆண்டு (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) மட்டும் எழுதியிருக்கும் பழைய அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கானால், பசலியோடு 590-ஐக் கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஜூலை மாதத்தின் ஆங்கில ஆண்டு கிடைக்கும்.

ஜே உட்பிரிவைப் பற்றி ஒரு குறிப்பு. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த உட்பிரிவைச் சுருக்கி, “தனிநபர் தொடர்பான தகவல்” என்ற அளவில் நிறுத்திவிட்டது. முன்பு அதற்குள்ளேயே இருந்த பொதுநலன் வாசகம் போய்விட்டது. அதனால் இனிமேல் பெயர் இருக்கும் தாளையெல்லாம் மூடிவிடலாம் என்று எண்ணிவிட வேண்டாம். 8(2)-உம் 8(3)-உம் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன.

காரணமாகாத காரணங்கள்

“வழக்கு நிலுவையில் உள்ளது” என்பதுதான் நம் அலுவலகங்களில் கைவசம் எப்போதும் இருக்கும் மறுப்பு. சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு கிடையாது. வெளியிடக் கூடாது என்று நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை செய்திருந்தால் அல்லது வெளியிடுவது நீதிமன்ற அவமதிப்பாகுமானால் மட்டுமே மறுக்கலாம். முல்லைப் பெரியாறு குத்தகை 1886 அக்டோபர் 29-இல் 999 ஆண்டுகளுக்கு எழுதப்பட்டது. அந்த அணை நீதிமன்றப் படி ஏறாத காலமே குறைவு. வழக்கு இருப்பதே காரணமாகுமானால், பெரியாற்றுப் பாசனத்தைப் பற்றிய ஒரு தாளைக்கூட மேலூர்க்காரர் ஒருவர் தம் ஆயுளில் பார்க்க முடியாது.

“விசாரணை நடைபெறுகிறது” என்பதும் தானாகக் காரணமாகாது. வெளியிட்டால் விசாரணைக்கு எப்படி இடையூறு வரும் என்பதைக் காட்ட வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2007-இல் சொல்லிவிட்டது. “கோப்பு கிடைக்கப்பெறவில்லை” என்பது எந்தப் பிரிவிலும் இல்லை. தேடிப் பார்த்து, பொறுப்பு யாருடையது என்று விசாரித்து எழுத வேண்டும் என்பதை அதே நீதிமன்றம் 2013-இல் வலியுறுத்தியது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று மனுதாரரைக் கேட்கவும் 6(2) இடம் தரவில்லை. அ பதிவேடு, சிட்டா, புலப்படம் ஆகிய நில ஆவணங்களை அரசே இணையத்தில் போட்டுவிட்ட பிறகு, அவற்றின் பழைய பிரதிகளைக் காட்ட மாட்டேன் என்பதற்குப் பொருளே இல்லை.

தாள் நொறுங்குகிறது என்பது மட்டும் பாதிக் காரணம். மை அரித்து எழுத்து இருந்த இடமெல்லாம் ஓட்டை விழுந்து, தொட்டால் ஓரம் அப்பளம்போல் உதிரும் கட்டுகளை நானே தூக்கி வைத்திருக்கிறேன். அவற்றை ஒருவர் கையில் கொடுத்துப் புரட்டச் சொல்வது ஆவணத்தைக் கொல்வதற்குச் சமம். ஆனால் 7(9) சொல்வது, ஆவணத்தின் பாதுகாப்புக்குக் கேடு என்றால் கேட்ட வடிவத்தில் தர வேண்டியதில்லை என்பதுதான். தரவே வேண்டாம் என்று அது சொல்லவில்லை. மேலிருந்து படம் எடுத்துத் தரலாம், அலுவலர் புரட்டிக் காட்ட அவர் குறிப்பு எடுத்துக்கொள்ளலாம். ஒளிநகல் எந்திரத்தில் மட்டும் அந்தத் தாளைக் கவிழ்த்து வைத்து மூடியை அழுத்திவிடாதீர்கள்.

முதல் மரியாதைக் கோப்பு

நம் பக்கத்தில் கைசுடும் கோப்பு என்றால் அது திருவிழாவில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறைப் பற்றியது. சித்திரைக்கோ ஆடிக்கோ பத்து நாள் இருக்கும்போது, 1970-களில் நடந்த சமாதானக் கூட்ட நடவடிக்கைகளைப் பார்க்க வேண்டும் என்று ஒரு தரப்பார் வந்து நிற்பார்கள். கோப்பு ஐம்பது வயது தாண்டியது. தகவல் கொடுத்தவரின் பாதுகாப்பு என்ற ஜி உட்பிரிவு இருபது ஆண்டில் விழுந்துவிட்டதால், எஞ்சியிருப்பது ஏ உட்பிரிவின் கடைசிச் சொற்களான “குற்றம் புரியத் தூண்டுதல்” ஒன்றுதான். அதைப் பிடித்துக்கொண்டு கோப்பு முழுவதையும் மூடிவிடலாம் என்று வட்டாட்சியருக்குத் தோன்றுவது இயல்பு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் குறிப்பு எழுதி வைத்தேன்.

இப்போது செய்வதானால் இப்படிச் செய்வேன். கூட்ட நடவடிக்கைத் தாளில் இரண்டு தரப்பாரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதன் நகல் இரண்டு வீட்டுப் பெட்டியிலும் இருக்கும். அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை, கொடுத்துவிட வேண்டும். கோட்டாட்சியரின் உத்தரவும் அப்படியே. கோப்பின் நடுவில் கிராம முன்சீப் தம் கையெழுத்தில் எழுதிய மந்தண அறிக்கை ஒன்று இருக்கும். யார் வீட்டில் கூடிப் பேசினார்கள், யார் கம்பு வெட்டி வைத்தார்கள் என்று பெயர் பெயராகச் சொல்லும் அரைப் பக்கம். சிந்திக்க வேண்டியது அந்த அரைப் பக்கத்தைப் பற்றி மட்டுமே. அந்தப் பெயர்களுக்குரியவர்களின் மக்கள் இன்றும் அதே தெருவில் இருக்கிறார்களா, தகராறு இன்றும் உயிரோடு இருக்கிறதா என்பதைக் காவல் ஆய்வாளரிடமிருந்து இன்றைய தேதியில் எழுத்தாகக் கேட்டு வாங்குங்கள். அப்படி ஓர் அறிக்கை இல்லாமல் ஏ உட்பிரிவை எழுதினால் மேல்முறையீட்டில் நிற்காது. 19(5)-இன்படி மறுப்பு சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருடையது. தகராறு ஓய்ந்து இரண்டு ஊரும் ஒன்றாகத் தேர் இழுக்கிறது என்று ஆய்வாளர் எழுதினால், அரைப் பக்கத்தையும் கொடுத்துவிட வேண்டியதுதான்.

இதற்கு நேர்மாறான ஒன்று ரேகைச் சட்டக் காலத்துப் பதிவேடுகள். 1911-ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரையினர் சட்டத்தின் கீழ் உசிலம்பட்டி, திருமங்கலம் வட்டாரத்துப் பிரமலைக் கள்ளர்களைப் பெயர் பதிந்து ரேகை வாங்கினார்கள். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 16 பேர் இறந்தார்கள். 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் நீங்கியது. அப்படிப்பட்ட பதிவேடு எதுவும் உங்கள் பரணில் கிடந்தால், ஒரு சமூகத்தை அவமதிக்கும் ஆவணம் என்று மூடி வைக்க மனம் சொல்லும். சட்டம் அதற்கு வழி வைக்கவில்லை. என் சொந்தக் கருத்திலும், அங்கே அவமானம் பதிந்தவனுடையதே தவிர, ரேகை வைத்தவனுடையது அன்று. பேரன் தன் பாட்டனார் பெயரைத் தேடி வந்தால் நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காட்ட வேண்டும். மொத்தப் பதிவேட்டையும் படமெடுத்துப் போக எவரேனும் கேட்டால், கேட்ட ஊர், கேட்ட ஆண்டு என்று வரையறுத்துத் தரும்படி மனுதாரரிடம் பேசிப் பார்க்கலாம், கட்டாயப்படுத்த முடியாது.

தாளை எடுப்பதும் மறைப்பதும்

நிறுத்துவதென்று பொதுத் தகவல் அலுவலர், அதாவது இந்தச் சட்டப்படி மனுக்களுக்கு முடிவு சொல்லும் அலுவலர், முடிவெடுத்த பிறகு கைவேலை. 10-ஆம் பிரிவு, விலக்குக்குரிய பகுதியைப் பிரித்துவிட்டு மீதியைத் தரச் சொல்கிறது. எனவே முதலில் நடப்புப் பக்கம் (கடிதங்கள்), குறிப்புப் பக்கம் (அலுவலகக் குறிப்புகள்) இரண்டுக்கும் பென்சிலால் பக்க எண் இடுங்கள். எண் இடாத கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்தால், எடுத்தது ஒன்றா பத்தா என்று பிறகு எவராலும் சொல்ல முடியாது. தாளை எடுத்த இடத்தில் அதே அளவு வெள்ளைத் தாள் ஒன்றை வைத்து, “பக்கம் 61, 62; 8(1)(ஜே); பொதுத் தகவல் அலுவலர் உத்தரவு நாள்; மீளாய்வு நாள்” என்று எழுதிக் கையொப்பம் இடுங்கள். எடுத்த தாள் உறையில் போய், உறையின் மேல் கோப்பு எண் (ந.க. எண்) எழுதப்பட்டு, கண்காணிப்பாளர் பூட்டும் அலமாரிக்குள் இருக்க வேண்டும். பார்வை முடிந்த மாலையே அது தன் இடத்துக்குத் திரும்பிவிடுவது நல்லது. உறை தனியாகவே தங்கினால் இரண்டு மாறுதலுக்குள் காணாமற்போகும்.

ஒரு தாளில் ஒரு பெயரை மட்டும் மறைப்பதானால், மூல ஆவணத்தின் மேல் மை படவே கூடாது. நகல் எடுத்து, நகலில் மறைத்து, அதை மறுபடி நகல் எடுத்து, அந்த இரண்டாம் நகலைத்தான் வெளியே கொடுக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் கற்றேன். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில், தகவல் கொடுத்தவரின் பெயரைக் கறுப்பு மார்க்கர் பேனாவால் அழித்து அந்த நகலையே கொடுத்துவிட்டோம். மனுதாரர் எதிரே இருந்த டீக்கடையில் நின்று தாளை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். கறுப்புப் பட்டைக்குள்ளே இருந்த பெயர் பளிச்சென்று தெரிந்தது. அவர் அதை வாய்விட்டுப் படித்ததைச் சன்னல் வழியாக நாங்களே கேட்டோம். நல்ல வேளையாக, பெயருக்குரியவர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். பி.டி.எஃப். கோப்பில் கறுப்புக் கட்டம் போட்டு அனுப்புவதிலும் இதே ஆபத்துதான். கட்டத்தை நகர்த்தினால் எழுத்து அடியில் இருக்கும். அச்செடுத்து, மறைத்து, வருடி (ஸ்கேன் செய்து) அனுப்புங்கள்.

தாளில் உள்ள விவரம் வேறொருவர் நம்பி ஒப்படைத்தது என்றால், விண்ணப்பம் வந்த ஐந்து நாட்களுக்குள் 11-ஆம் பிரிவின் கீழ் அவருக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும்; பதில் சொல்ல அவருக்குப் பத்து நாள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நீங்கள் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை, முடிவு உங்களுடையது. இப்படி அறிவிப்பு போன விண்ணப்பத்துக்கு நாற்பது நாள், மற்றவற்றுக்கு முப்பது நாள். தவறினால் நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சமாக 25,000 ரூபாய் வரை தண்டம், அதுவும் பொதுத் தகவல் அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து.

கடிதத்தில் எழுத வேண்டியது அதிகமில்லை. “தங்கள் மனுவில் கண்ட கோப்பின் நடப்புப் பக்கங்கள் 1 முதல் 84 வரையில், 61, 62 நீங்கலாக, மற்ற அனைத்தும் தங்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. பக்கம் 61, 62 என்பன 2008-இல் தாக்கலான, தங்களைச் சாராத ஒருவரின் மருத்துவச் சான்று ஆகும். அது பிரிவு 8(1)(ஜே)-இன் கீழ் நிறுத்தி வைக்கப்படுகிறது. அதை வெளியிடுவதால் விளையும் பொதுநலன் ஏதும் தங்கள் மனுவிலோ கோப்பிலோ தென்படவில்லை. இம்முடிவை எதிர்த்து 30 நாட்களுக்குள் கீழ்க்கண்ட மேல்முறையீட்டு அலுவலரிடம் முறையீடு செய்யலாம்.” இதற்குக் கீழே மேல்முறையீட்டு அலுவலரின் பதவி, முகவரி, முடிவெடுத்தவரின் பெயர், பதவி. நிறுத்திய தாள் எப்படிப்பட்டது என்பதை, உள்ளடக்கத்தைச் சொல்லாமல், சொல்லிவிடுவது முக்கியம். “மருத்துவச் சான்று” என்று தெரிந்தால் பெரும்பாலானோர் அதோடு விட்டுவிடுவார்கள். “சில பக்கங்கள்” என்று எழுதினால் அந்தச் சில பக்கங்களில்தான் எல்லா மோசடியும் இருக்கிறது என்று தகவல் ஆணையம் வரை போவார்கள்.

கடைசியாக ஒரு பதிவேடு போடுங்கள். நூறு பக்க நோட்டுப் புத்தகம் போதும். கோப்பு எண், பக்கம், பிரிவு, முடிவு நாள், மீளாய்வு நாள் என்று ஐந்து கட்டம். ஜே-யின் கீழ் நிறுத்திய 2008-ஆம் ஆண்டுச் சான்றுக்கு மீளாய்வு நாள் 2028 என்று இன்றே எழுதிவிடலாம். ஏ-யின் கீழ் நிறுத்தியதற்கு அடுத்த திருவிழா முடிந்த மறுமாதம் என்று எழுதலாம். ஆண்டுதோறும் பசலி முடியும்போது ஜமாபந்தி என்னும் கிராமக் கணக்குத் தணிக்கைக்குக் கணக்குகளைத் தூசி தட்டுகிற வேலையோடு இந்த நோட்டையும் எடுத்து, நாள் கடந்தவற்றின் வெள்ளைத் தாளை அகற்றாமல் அதன் மேலேயே “திறக்கப்பட்டது” என்று எழுதித் தேதியிட்டு, தாளை அதற்குப் பின்னால் சேருங்கள். முன்பு கேட்டு ஏமாந்து போனவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இல்லை. நான் ஐம்பது காசு அஞ்சலட்டை ஒன்று போட்டுவிடுவேன்: “தாங்கள் கேட்ட பக்கம் இப்போது திறந்துள்ளது, அலுவலக நாளில் வந்து பார்க்கலாம்.”